அரை டம்ளரின் சந்தாதாரர்கள்

ஜூன் 2, ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் பதினாறாவது மடல் போயிற்று. சந்தாதாரர்கள் அறுபத்தொன்று. அதில் ஒன்று நான், மடல் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க. இன்னொன்றும் நான்தான், பழைய முகவரியில். மீதி ஐம்பத்தொன்பது பேரும் நிஜ மனிதர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிறுதோறும் மின்னஞ்சலில் ஒரு கட்டுரை. அரை டம்ளர் காபி குடிப்பதற்குள் படித்துவிடலாம் என்பதால் 'அரை டம்ளர்' என்று பெயர் வைத்தேன். மற்ற ஆறு நாளும் பள்ளிக்கூட நோட்ஸ் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். முப்பத்து நாலு வயதில் மதியழகன் என்ன செய்கிறான் என்று உறையூரில் யாராவது கேட்டால், "எழுதுறான்" என்று அப்பா சொல்கிறார். என்ன எழுதுகிறேன் என்று அவர் கேட்டதில்லை.

தங்கை வினோதினியிடம் சேரச் சொல்லிக் கேட்டேன். "வீட்டுல நீ பேசுறதையே கேட்டு முடியல. அதை மெயில்ல வேற வாங்கணுமாண்ணா?" என்றாள்.

சந்தாதாரர்களைக் கூட்டுவது எப்படி என்று ஒரு வீடியோவில் சொன்னதைக் கேட்டு, சேருபவர்கள் நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வியைப் புதிதாகச் சேர்த்தேன்: 'அரை டம்ளரைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரியும்?' இதுவரை ஒரே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். 'முடிவெட்டும் கடையில் ஒருவர் சொன்னார்.' யார் அந்தப் புண்ணியவான் என்று தெரியவில்லை.

ஜூன் 5, புதன்

அப்பாவின் ஜாதக வேலை. திருமணத் தகவல் மையம் கொடுத்த பட்டியலைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல, நான் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். பதிலாக வரும் ஜாதகத்தையும் பயோடேட்டாவையும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவருக்குக் கம்பத்தில் ஏறத் தெரியும், கம்ப்யூட்டர் ஆகாது. அம்மா போன பிறகு இந்த வேலை என் தலையில் விழுந்தது. எல்லாம் என் முகவரிக்குத்தான் வருகிறது. 'வினோ வரன்' என்று ஒரு பெட்டி போட்டு அதில் சேர்த்து வைக்கிறேன். நாலு வருடப் பெட்டி.

வினோவுக்கு முப்பது முடிந்துவிட்டது. கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிற வேலை. பத்து வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியாகப் போன மாதம் வந்தது குளித்தலைக்காரர்கள். பையன் கோகுலகிருஷ்ணன், விவசாயக் கல்லூரியில் வேலை. நல்ல மனிதர்களாகத் தெரிந்தார்கள். "சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள் சரி என்றும் சொல்லி அனுப்பவில்லை, வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பவில்லை. அந்தப் பையன் போன பிறகு ரெண்டு நாள் வினோ முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

ஜூன் 9, ஞாயிறு

பதினேழாவது மடல். ஒருவர் விலகிவிட்டார். அறுபது.

ஜூன் 12, புதன்

பெரம்பலூரிலிருந்து வந்திருந்தார்கள், பதினோராவது வீடு. கேசரி, பஜ்ஜி, காபி. பையனின் அத்தை வினோவை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார். சாயங்காலமே போன் வந்துவிட்டது. பெண்ணுக்குக் கொஞ்சம் வயசு கூடத் தெரிகிறதாம்.

அப்பா ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ரேஷன் கடை மூடி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே வினோ சொன்னாள்: "கடையில வெண்டைக்கா வாங்குறவங்க நுனிய ஒடிச்சு ஒடிச்சுப் பாக்குறாங்கல்ல, அது மாதிரி பாத்துட்டு வாங்காமப் போயிடுறாங்கண்ணா. ஒடிச்ச காய அப்புறம் யாரு வாங்குவா?"

அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. அதற்கு அடியில் அவள் அழுவதும் கேட்டது. வெளியே நின்றேன். கதவைத் தட்டியிருக்கலாம். வெண்டைக்காய் வாக்கியத்தை மறந்துவிடக் கூடாதே என்று மேஜைக்குப் போய்க் குறித்து வைத்தேன்.

ஜூன் 20, வியாழன்

அறுபதிலிருந்து நானூற்று எழுபத்திரண்டு. ஒரே மதியத்தில்.

'உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தொடர்புகள்தான் உங்கள் முதல் சொத்து' என்று அந்த வீடியோக்காரர் சொன்னது சரிதான். எல்லாரும் எனக்கு ஏற்கெனவே மின்னஞ்சல் எழுதியவர்கள். முன்பின் தெரியாதவர்கள் இல்லை. என்ன காரியமாக எழுதினார்கள் என்பது வேறு விஷயம். முகவரிகளை ஏற்றும்போது ஒரு கட்டத்தில் டிக் போடச் சொன்னது: 'இவர்கள் அனைவரும் என் மடலைப் பெறச் சம்மதம் தெரிவித்தவர்கள்.' போட்டேன். வேண்டாம் என்றால் விலகிக்கொள்ள அடியில் இணைப்பு இருக்கிறதே.

மதியம் மாவு அரைத்தேன். கிரைண்டர் பெல்ட் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

பூட்டு ரிப்பேர் செய்பவரைப் பற்றிய மடல். பத்தொன்பது பேர் விலகினார்கள். கரூரிலிருந்து ஒருவர், 'யார் நீங்கள்? ஜாதகம் பொருந்தவில்லை என்று அப்போதே சொல்லிவிட்டோமே' என்று எழுதியிருந்தார். அழித்துவிட்டேன். ஆனால் இருநூற்று நாற்பது பேர் திறந்து படித்திருக்கிறார்கள்! இருநூற்று நாற்பது.

ஜூன் 29, சனி

காலையில் மின்சாரம் இல்லை. மோட்டார் போட முடியாமல் கீழ்த் தொட்டியிலிருந்து தண்ணீர் இறைத்தேன். பெல்ட் இன்னும் வாங்கவில்லை.

நாளைய மடல் எழுதி முடித்தேன். 'ஒடித்த வெண்டைக்காய்'. பெயர் எதுவும் போடவில்லை, ஊர் எதுவும் போடவில்லை. 'என் தங்கை' என்றுதான் போட்டிருக்கிறேன். நாட்டில் எத்தனையோ பேருக்குத் தங்கை இருக்கிறாள். வாளி வழிகிற இடம் நன்றாக வந்திருக்கிறது. இதுவரை எழுதியதிலேயே நல்லது இதுதான்.

வினோவிடம் காட்டலாமா என்று யோசித்தேன். அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 2, செவ்வாய்

முப்பத்தொரு பதில்கள்! 'கண் கலங்கிவிட்டது' என்று பன்னிரண்டு பேர். படித்தவர்கள் தெரிந்தவர்களுக்கு அனுப்பி, அதன் மூலம் புதிதாக நாற்பது பேர் தாமாகவே வந்து சேர்ந்திருக்கிறார்கள். சாப்பிடும்போது நானாகச் சிரித்தேன் போலிருக்கிறது. "என்னடா, லாட்டரி விழுந்துச்சா?" என்றார் அப்பா.

பதில்களில் ஒன்று குளித்தலையிலிருந்து. கோகுலின் அப்பா துரைக்கண்ணு, ஓய்வு பெற்ற நூலகர். 'தம்பி, உங்கள் மடலை வீட்டில் வாய்விட்டுப் படித்தேன். கோகுலின் அம்மா அழுதுவிட்டார். நாங்களும் ஒடித்துவிட்டுப் போனவர்கள்தானே என்று வெட்கமாக இருந்தது. உங்கள் அப்பாவிடம் பேசுகிறேன்' என்று எழுதியிருக்கிறார்.

நல்ல வாசகர்.

ஜூலை 6, சனி

குளித்தலைக்காரர்கள் அப்பாவுக்குப் போன் செய்தார்கள். சம்மதமாம். ஆடி பிறக்கப் போகிறது, ஆவணியில் வந்து பூ வைத்துவிட்டு நிச்சயத்துக்கு நாள் குறிக்கலாம் என்றார்களாம். அப்பா போனை வைத்துவிட்டு அம்மா படத்தின் முன்னால் போய் நின்றார்.

"ரெண்டு மாசமா எங்கப்பா போயிருந்தாங்களாம்?" என்றாள் வினோ.

"வேற ஜோசியர்ட்ட காட்டியிருப்பாங்கம்மா. அதெல்லாம் கேக்கக் கூடாது."

அவள் என்னைப் பார்த்தாள். அப்பா சொல்வது சரி என்று தலையாட்டினேன். இவர்கள் திரும்பி வந்ததற்கும் மடலுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. எல்லாம் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

ஜூலை 21, ஞாயிறு

மடல் போயிற்று, தையல் மெஷின் பற்றி. சுமார்தான்.

வினோவும் கோகுலும் தினமும் பேசுகிறார்கள். அவள் மொட்டை மாடிக்குப் போகும்போது துணி எடுக்கப் போவதுபோல் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு போகிறாள். ஒன்றரை மணி நேரம் கழித்து வெறுங்கூடையோடு இறங்குகிறாள். துணியை நான் போய் எடுத்து வருகிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. மூன்று பேரும் அம்மா மண்டபம் போனோம். கால் வைக்க இடமில்லை. வினோ படித்துறையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் கோகுல் குளித்தலைப் படித்துறையில்.

"மேல அவரு பூ விட்டிருக்காராம், கீழ நான் புடிக்கணுமாம்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் நிஜமாகவே குனிந்து தண்ணீரில் ஒரு செவ்வந்தியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருடமாயிற்று! இதில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததை மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஐந்நூற்று இரண்டு.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலை மடல் போகவில்லை. வீட்டில் விசேஷம்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். துரைக்கண்ணு, அவர் மனைவி, கோகுல். பூ, பழம், வெற்றிலைத் தட்டு. அப்பா புது வேட்டி. துரைக்கண்ணு உட்கார்ந்ததும் என்னைத்தான் தேடினார். "எங்க நம்ம எழுத்தாளர்?" என்றார். கண்ணைக் காட்டினேன், வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தேன். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

தோள்பையிலிருந்து நாலு தாள்களை எடுத்தார். ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து, ஓரத்தில் நூல் கோத்துத் தைத்திருந்தார். நூலகத்தில் வேலை பார்த்தவர் அல்லவா!

"ஐயா, உங்க பையன் எழுத்தப் படிச்சிருக்கீங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"அவன் எழுதுவான்ங்க" என்றார் அப்பா பெருமையாக. "நாங்க எங்க படிக்கிறோம்."

"அந்தப் புள்ள குழாயத் தொறந்துவிட்டு அழுவுற எடம் இருக்கே, வீட்டுல ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம் இந்தப் பொண்ணுதான்னு."

வினோ காபித் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். தட்டு ஆடவில்லை. நேராக வந்து அதை முக்காலியில் வைத்தாள்.

"குடுங்க அங்கிள், நானும் படிக்கிறேன்."

நின்றபடியே நாலு தாளையும் படித்தாள். பார்வை பரிசோதிக்கிறவள், ஒரு எழுத்து விடாமல் படித்தாள். துரைக்கண்ணுவுக்கு ஏதோ தவறு என்று பாதியில் புரிந்துவிட்டது. மனைவியைப் பார்த்தார். கோகுல் தரையைப் பார்த்தான். அப்பா மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், பாராட்டுத் தொடரும் என்ற எதிர்பார்ப்பில். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக் கூடாது.

தாள்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லா எழுதியிருக்கான் அங்கிள். காபி ஆறுது, எடுத்துக்கங்க" என்றாள்.

பூ வைக்கும்போது தலையைக் குனிந்து காட்டினாள். அவர்கள் போகும் வரை சிரித்த முகமாக இருந்தாள். போன பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. அரை மணி நேரம் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "யார் யாருக்கு அனுப்புன?"

சொன்னேன். 'வினோ வரன்' பெட்டியில் இருந்த எல்லாருக்கும். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு. இந்த நோட்டில்கூட இதுவரை நான் எழுதாத வாக்கியம் இது.

"என்னை வேண்டாம்னு சொன்னவங்க எல்லாருக்கும்."

"ஆமா."

"அவங்க வேண்டாம்னு சொன்னதுக்கு நான் அழுதேன்னு அவங்களுக்கே சொல்லியிருக்க."

இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை என்றேன். உண்மை. யோசிக்கவே இல்லை என்பதுதான் கேவலம்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. குளித்தலைக்காரங்க சம்மதம்னு சொன்னது இதப் படிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அங்கிள் வயசானவர், ஏதோ மாத்திச் சொல்றாரு" என்றேன். "முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க. எனக்குத் தெரியும்."

சற்று நேரம் என்னையே பார்த்தாள். நம்ப ஆசைப்பட்டாள் என்று நினைக்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பிழை திருத்த உட்கார்ந்தேன், ஓடவில்லை. இந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஜூன் 30 ஞாயிறு மடல் போயிற்று. ஜூலை 2 செவ்வாய் பதில். ஜூலை 6 சனி போன். தேதி போட்டு நானே எழுதி வைத்திருக்கிறேன். பனம்பழமாம்! காக்கையை ஏவிவிட்டவனே நான்தான்.

ஒரு பொய்யில் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிடும். அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது. அப்படியே விட்டுவிடு என்று மனசு சொன்னது. ஆனால் அந்தத் தைத்த நாலு தாள் குளித்தலை வீட்டில் அலமாரியில் இருக்கும். என்றைக்காவது அந்த அம்மாள் நல்லெண்ணத்தோடு, "உன் அண்ணன் எழுதினதைப் படிச்சுத்தாம்மா உன்ன எடுத்தோம்" என்று சொல்வார். அப்போது அவள் எங்கே போய்க் குழாயைத் திறப்பாள்?

வேலை முடிந்து அவள் வந்ததும் துரைக்கண்ணுவின் பதிலை எடுத்துக் காட்டினேன். தேதியையும் காட்டினேன். "நேத்து பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "தேதிய நீயா சொல்றியான்னு பாத்தேன்."

எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு மடல் அனுப்பிவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள்.

"மறுபடியும் ஐந்நூறு பேருக்கு என்னைப் பத்தி ஒண்ணு அனுப்பப் போறியா?"

ஆகஸ்ட் 22, வியாழன்

மாடியில் கோகுலுடன் பேசினாள், கூடை இல்லாமல். இறங்கி வந்து அப்பாவிடம் சொன்னாள்:

"வேண்டாம்ப்பா. அவரு நல்லவருதான். மே மாசமே எனக்குச் சரின்னாராம், அம்மாவுக்குத்தான் மனசில்லையாம், லெட்டர் வந்ததும் மனசு மாறிடுச்சாம். உண்மையாவே இருக்கலாம். ஆனா அந்த வீட்டுல எனக்கு யாராவது ஒரு தட்டு சோறு அன்பா போட்டாக்கூட, இது எனக்கா, அந்த வெண்டைக்காய்க்கான்னு தோணும். பாவம்னு கூட்டிட்டுப் போன எடத்துல நான் எப்படிப்பா சண்ட போடுவேன்?"

அப்பா அவளை ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "அந்த லெட்டர வாசி" என்றார். என் வாயால் என் மடலை முழுக்க வாசித்தேன். 'அப்பா ரேஷன் கடைக்குப் போவதாகப் பொய் சொல்லிக் கிளம்பினார்' என்ற இடம் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். "இதுவும் போட்டிருக்கியா" என்றார். அதற்கு மேல் வாசிக்கச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நேரில் வந்து பார்த்தவர்கள் பதினொரு வீடு. அப்பாவின் நோட்டில் எல்லா எண்ணும் இருந்தது. நான் பேசுகிறேன் என்றேன். "நீ பேசுனது போதும், நம்பர மட்டும் போடு" என்றார். வினோ வீட்டில் இல்லை.

நான் எண்ணைப் போட்டுக் கொடுக்க, அப்பா பேசினார். "பையன் அறியாமப் பண்ணிட்டான், மனசுல வச்சுக்காதீங்க. அந்த லெட்டர அழிச்சுடுங்க." பதினொரு தடவை. நாற்பது வருடம் வேலை பார்த்தவர், ஒரு அதிகாரியிடம்கூட இப்படிக் குழைந்து பேசி நான் கேட்டதில்லை. முசிறிக்காரர், "எந்த லெட்டருங்க? நாங்க மெயிலே பாக்குறதில்லையே" என்றார். அப்பா திணறி, என்ன லெட்டர் என்று அவருக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியதாகிவிட்டது. பெரம்பலூர் அத்தை மட்டும், "வயசு கூடத் தெரியுதுன்னு நாங்க சொல்லவே இல்லீங்க" என்று சண்டைக்கு வந்தார். அதற்கும் அப்பா மன்னிப்புக் கேட்டார். கடைசியாகக் குளித்தலை. துரைக்கண்ணு அழுதுவிட்டார் போலிருக்கிறது. அப்பா அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியம் பட்டியலைத் திறந்தேன். நான் ஏற்றியவர்களில் மிச்சம் இருந்த முந்நூற்று எண்பத்து நாலு பேரையும் அழித்தேன். 'இவர்களை நீக்கச் சம்மதமா?' என்று கேட்டது. இந்த டிக்கையாவது யோசித்துப் போட்டேன். வெண்டைக்காய் மடலையும் தளத்திலிருந்து எடுத்தேன். எடுத்து என்ன, தைத்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேரோ. தாமாக வந்தவர்கள் நூற்றுப் பதினெட்டு.

ஆகஸ்ட் 31, சனி

கிரைண்டர் பெல்ட் மாற்றினேன். வினோ என்னிடம் பேசுவதில்லை. சாப்பாடு எடுத்து வைக்கிறாள், குழம்பு வேண்டுமா என்று அப்பாவைப் பார்த்துக் கேட்கிறாள். அவள் குளிக்கப் போகும்போது நான் தெருவுக்குப் போய்விடுகிறேன். கேட்கக் கூடாது என்று. அழட்டும், அழாமல் இருக்கட்டும், அது அவள் பாடு.

செப்டம்பர் 7, சனி

மூன்று ஞாயிறு மடல் இல்லை. நாளைக்கும் இல்லை என்றுதான் இருந்தேன். நிறுத்திவிடுவதாக அறிவித்துவிடலாம் என்று மதியம் பக்கத்தைத் திறந்தேன்.

புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். நூற்றுப் பத்தொன்பது. இன்று காலை பத்து ஐம்பதுக்கு, கண்ணாடிக் கடையின் தேநீர் நேரத்தில். பெயர்: வினோதினி ரங்கராஜு. முகவரி நான் ஆரம்பித்துக் கொடுத்ததுதான், அவள் கல்லூரியில் சேர்ந்தபோது.

இனி நான் எழுதும் ஒவ்வொரு வரியும் அவளுக்கும் போகும். அதற்காகத்தான் சேர்ந்திருக்கிறாள். வேறு காரணம் இருப்பதாக நினைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

எல்லாரும் காலியாக விட்டுப் போகிற அந்தக் கட்டத்தை அவள் விடவில்லை. 'அரை டம்ளரைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரியும்?'

'அதில் நான் இருந்தேன்.'